ஒரே என்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்

என்டர் பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

என் வாழ்க்கையில் நடந்த விபத்துகளை வரிசையாக எழுதினால், பாதிக்கு மேல் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். போன வாரம் எழுதிய பிரிண்டர் கதையும் அப்படித்தான் தொடங்கியது. அதைப் படித்துவிட்டு வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர், ‘நீங்கள் டீயை விட்டால் உங்கள் கம்பெனி உருப்படும்’ என்று எழுதியிருந்தார். முயன்று பார்த்தேன் ஐயா. டீ குடிக்காமல் செய்த தவறுகள் இன்னும் பெரிதாக இருந்தன.

அன்று திங்கட்கிழமை. மணி ஏழே முக்கால் இருக்கும். கம்பெனி சைரன் இன்னும் ஊதவில்லை. ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. மழை விட்ட காலையில் ஆம்பூருக்கு ஒரு தனி வாசனை உண்டு. ஈரத்தோல், சுண்ணாம்பு, எதிர் ஓட்டலில் வதங்குகிற வெங்காயம் மூன்றும் கலந்த வாசனை. வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பைத் தேடுவார்கள். எங்களுக்குப் பசி எடுக்கும்.

“இன்னா சிஸ்டம், காலங்காத்தால வந்துட்ட? வேலை இல்லையா?” என்றார் டீக்கடைக்காரர். கம்பெனிக்கு உள்ளேயும் வெளியேயும் எனக்கு அதுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

“வேலை நடந்துட்டுதான் இருக்குது. நான் இங்க டீ குடிக்கிறேன். அங்க முந்நூறு ஃபோல்டர் தானா எழுந்து நடந்து போவுது.”

“தானாவா?”

“தானா.”

“அப்ப உனுக்கு எதுக்குய்யா சம்பளம்?”

இதே கேள்வியை அடுத்த சில மணி நேரத்தில் என்னை நானே பல முறை கேட்டுக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது. சிரித்துக்கொண்டே ஒரு வடை கேட்டேன்.

தலையில் துண்டில்லாத லோடுமேன்

நான் வேலை பார்ப்பது ஒரு ஷூ கம்பெனி. பெண்களுக்கான ஷூக்கள். இங்கே தைத்து, கடல் தாண்டி அனுப்புகிறோம். எழுநூறு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரே ஆள் நான்தான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

வேலையில் சேர்ந்த புதிதில் குடியாத்தம் வீட்டில் அப்பா கேட்டார்.

“அங்க இன்னாடா வேலை?”

“ஃபைலு, ஃபோல்டரு எல்லாம் இருக்கும்பா. அத எடுத்து ஒழுங்கா வைக்கணும். ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மாத்தணும்.”

அப்பா சற்று நேரம் யோசித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “லோடுமேன் வேலதான். ஏசி போட்டுக் குடுத்துக்கறாங்க.”

இத்தனை வருடங்களில் என் வேலையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நான் அப்படியொன்றும் கைராசிக்கார லோடுமேன் இல்லை. கல்யாணமான புதிதில் குடியாத்தத்திலேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு வீடு மாற்றினோம். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று அட்டைப்பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதினேன். பதினெட்டுப் பெட்டிகள். பதினெட்டிலும் ‘முக்கியம்’ என்று எழுதியிருந்தேன்.

நான்கு நாட்கள் அரிசி அளக்கிற படியில் காபி குடித்தோம். டம்ளர்கள் இருந்த பெட்டி கடைசியாகத்தான் கிடைத்தது. என் மனைவி சுமதி இதை இன்று வரைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லுவாள். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.

எதற்காக மாற்றினேன்

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷூ மாடலுக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் அந்த ஷூவின் உயிர் இருக்கும். தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும், உள்துணி எப்படி, அடிப்பாகம் எப்படி, எந்தச் சைஸுக்கு எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று எல்லாம் அதில்தான். வெட்டுகிற மெஷின் அதைப் படித்துத்தான் தோலை வெட்டும். ஃபோல்டர் இல்லையென்றால் ஷூ இல்லை.

அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்கள். பல வருடங்களாக அவரவர் வசதிக்குச் சேர்த்தது. இவற்றை எல்லாம் ‘மாடல்ஸ்’ என்று ஒரே பெரிய ஃபோல்டருக்குள் கொண்டு போய்விட்டால், அந்த ஒன்றை மட்டும் தினமும் பேக்கப் எடுத்துக்கொள்ளலாம். எதுவும் தொலையாது. அதாவது, ஒரு பொருளும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன். இதை நீதிபதிகள் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக மவுஸில் இழுத்துப் போட்டிருக்கலாம். மதியத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தைய வாரம் இன்டர்நெட்டில் ஒரு வீடியோ பார்த்துவிட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. ‘இந்த இடத்தில் உள்ள ஃபோல்டர்களை எல்லாம் எடு, ஒவ்வொன்றாக அந்த இடத்துக்கு நகர்த்து’ என்று கட்டளை. வீடியோவில் இருந்த பையன் என்டர் தட்டினான். எல்லாம் போய்விட்டது. அவன் சிரித்தான். எனக்கும் அப்படிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

எச்சரிக்கையாக ஒரு காரியமும் செய்தேன். தட்டுவதற்கு முன்னால் ‘312’ என்று காட்டிய திரையை மொபைலில் படம் பிடித்து, புரொடக்‌ஷன் மேனேஜர் குணசேகரன் சாருக்கு அனுப்பினேன். ‘312 ஃபோல்டர், ஒரே கமாண்ட்’ என்று கீழே எழுதினேன். பெருமையடிப்பதற்காக அனுப்பிய படம் அது.

எங்கள் 786

இந்த இடத்தில் எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

புதிதாக எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் 786 என்று போடுவோம். முதலாளி குடும்பம் முஸ்லிம் குடும்பம். அவர்கள் கல்யாணப் பத்திரிகையின் உச்சியிலிருந்து வேன் கண்ணாடி வரைக்கும் இறைவன் பெயரைக் குறிக்கிற அந்த எண் இருக்கும். அப்படியே கம்பெனிக்குள்ளும் வந்துவிட்டது. குணசேகரன் சார் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து, புது நோட்டில் முதல் வேலையாக 786 என்று எழுதுவார். நோட்டின் மூலையில் பிள்ளையார் சுழியும் இருக்கும். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிற நோட்டுதான் எங்கள் நோட்டு.

ஃபோல்டர்களும் அப்படித்தான். சீசனின் முதல் புது மாடலுக்கு வெறும் ‘786’ என்று பெயர். ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பையர் என்போம். பையர் சரி என்று சொன்ன பிறகுதான் 786-ஐ எடுத்துவிட்டு, அவர்களுடைய ஆங்கில எழுத்தையும் மாடல் நம்பரையும் போடுவோம். மற்ற எல்லா ஃபோல்டரும் எழுத்தில் தொடங்கும். இது ஒன்றுதான் எண்ணில் தொடங்கும். அதனால் வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமை 786 என்ற ஃபோல்டருக்குள் இருந்தது நஸ்ரீனுடைய ஷூ.

நஸ்ரீன்

நஸ்ரீன் ஆறு வருடம் தையல் லைனில் இருந்தவள். மதிய இடைவேளையில் பேட்டர்ன் ரூமுக்கு வந்து, ஷூவின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் எப்படி வரைகிறார்கள் என்று எட்டிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பார்த்துக்கொண்டே நின்று சாப்பிடுவாள். என் கீபோர்டு ஒன்றில் இன்னும் அவளுடைய புளியோதரைப் பருக்கை சிக்கியிருக்கிறது.

பேட்டர்ன் மாஸ்டர் மகள் கல்யாணத்துக்காக லீவில் போன சமயம் குணசேகரன் சார் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அப்போது அவளாகவே ஒரு ஷூ வரைந்தாள். கணுக்கால் எலும்பில் உரசாமல் பக்கவாட்டில் இறங்கிப் போகிற ஒரு பட்டை வைத்தது. “நாள் முழுக்க நின்னுட்டே இருக்கிறவங்களுக்குத்தான் அந்த எலும்பு எங்க இருக்குதுன்னு தெரியும்,” என்று சொன்னாள்.

பையருக்குப் போட்டோ போனது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வருகிறோம், பழுப்புத் தோலில் ஒரு ஜோடி தயாராக இருக்கட்டும் என்று பதில் வந்தது. குணசேகரன் சார் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

“இது ஓகே ஆச்சுன்னா நீ பேட்டர்ன் ரூம்லயே இரு. யாரும் கேள்வி கேக்க முடியாது. ஆவலன்னா புதன்கிழமை மறுபடி லைனுக்குப் போயிடணும்மா. மாஸ்டர் வந்துடுவாரு. எனக்கு வேற வழியில்ல.”

முதலில் செய்து பார்த்த ஜோடி குதிகாலைக் கடித்தது. மூன்று நாள் உட்கார்ந்து வடிவத்தைத் திருத்தி, சனிக்கிழமை சாயங்காலம்தான் முடித்தாள். திருத்தியது 786-இல் மட்டும் இருந்தது. பழுப்புத் தோல் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் பேரணாம்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கும். வந்ததும் வெட்ட வேண்டும்.

‘சர்வர் கொஞ்சம் ஸ்லோ’

டீ முடிந்து, வடை முடிந்து, நான் திரும்பி வந்தபோது கறுப்புத் திரை அமைதியாக இருந்தது. சிவப்பு எழுத்தில் திட்டு ஒன்றும் இல்லை. பழைய இடம் காலி. ‘மாடல்ஸ்’ என்ற ஃபோல்டர் முளைத்திருந்தது. திறந்தேன். வரிசையாக எல்லாம் இருந்தன. வீடியோப் பையனைப் போலச் சிரித்தேன்.

ஒன்பது மணிக்கு நஸ்ரீன் வாசலில் நின்றாள். நீலக் கோட்டு, கையில் ஸ்கேல்.

“அண்ணே, 786 எங்க?”

“மாடல்ஸுன்னு ஒண்ணு வச்சிருக்கேன் பாரும்மா. அதுக்குள்ள. மொதல்ல நிக்கும்.”

“மொதல்ல A-வுல ஆரம்பிக்கிறதுதான் நிக்குது.”

“கொஞ்சம் நல்லா பாரு.”

“நல்லாதான் பாத்தேன். நீங்க வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். 786 இல்லை. தேடுகிற கட்டத்தில் 786 என்று அடித்தேன். பச்சைக் கோடு மெதுவாக ஓடி முடிந்தது. ஒன்றும் இல்லை. பழைய இடத்தில் பார்த்தேன். குப்பைத்தொட்டியில் பார்த்தேன். டெஸ்க்கை நகர்த்தி அடியில்கூடப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

“சர்வர் கொஞ்சம் ஸ்லோவா இருக்குது. அரை மணி நேரத்துல வந்துடும்,” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எனக்கு யோசிக்க அரை மணி நேரம் கொடுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்லுவேன்.

அந்த அரை மணி நேரத்தில், அழிந்த ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி ஓட விட்டேன். ‘மீதி நேரம்: 14 மணி’ என்று காட்டியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ‘17 மணி’. அது வேலை செய்யச் செய்ய வேலை அதிகமாகிக்கொண்டிருந்தது. என்னைப் போலவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பேக்கப் டிஸ்கைத் திறந்தேன். கடைசியாக எடுத்தது போன மாதம். அப்போது நஸ்ரீனின் ஷூ பிறக்கவே இல்லை.

பத்தரை மணிக்கு மறுபடி வந்தாள். அப்போது நான் சொன்னதை எழுத இப்போதும் கை கூசுகிறது. இந்தத் தொடரில் இதுவரைக்கும் என்னை மடையனாகத்தான் காட்டியிருக்கிறேன். இங்கே கோழையாகவும் காட்டியாக வேண்டும்.

“ஏம்மா, சனிக்கிழமை போவச்சொல்ல நீயே தெரியாம வேற எங்கயாவது மாத்தி வச்சிட்டியா?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் பேஜாராகிவிட்டது.

“அண்ணே, நான் லைன்ல இருந்தவ. நூல்கண்டு ஒண்ண எடம் மாத்தி வச்சாலும் எனுக்கு ஞாபகம் இருக்கும். மூணு நாள் வேலைய மறந்துடுவனா?”

அவள் போய் மேஜையில் பெரிய அட்டையை விரித்தாள். பென்சிலைச் சீவினாள். சனிக்கிழமை திருத்திய வடிவத்தை ஞாபகத்திலிருந்து கையாலேயே வரையத் தொடங்கினாள். பதினோரு மணிக்குள் ஒரு பக்கம்கூட முடியவில்லை. அழித்து அழித்து வரைந்தாள். அட்டையின் மேல் ரப்பர் தூள் குவிந்தது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நஸ்ரீன், சர்வர் ஸ்லோ எல்லாம் ஒண்ணும் இல்ல. காலையில நான்தான் எல்லாத்தையும் நவுத்தினேன். ஒரே கமாண்ட்ல. அதுல உன் ஃபோல்டர் எங்கயோ போய்ட்டுச்சு. எனக்குத் தெரியல. நான்தான் தொலைச்சிட்டேன்.”

பென்சிலைக் கீழே வைத்தாள்.

“இத ஒம்போது மணிக்கே சொல்லிக்கலாம் இல்ல?”

“சொல்லிக்கலாம்.”

“ரெண்டு மணி நேரம் வேஸ்ட்டு. சரி, எத்தினி நவுத்துனீங்க?”

கட்டை எண்ணு

“முந்நூத்திப் பன்னண்டு,” என்றேன்.

“கரெக்டா தெரியுமா?”

“சாருக்குப் போட்டோவே அனுப்பிக்கிறேன்.”

“இப்ப உள்ள எத்தினி இருக்குது?”

நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று காணவில்லை என்றால் முந்நூற்றுப் பதினொன்று இருக்கும், இதில் எண்ண என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதைச் சொன்னேன்.

“நினைக்காதீங்க, எண்ணுங்க,” என்றாள்.

தையல் லைனில் தோல் துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். ஒரு கட்டு காணாமல் போனால் யாரும் அந்தக் கட்டைத் தேட மாட்டார்கள். மற்ற கட்டுகளைத்தான் எண்ணுவார்கள். எந்த மேஜையில் கணக்குக்கு மேல் இருக்கிறதோ, காணாமல் போனது அங்கேதான் இருக்கும். தொலைந்ததைத் தேடினால் கண் பொய் சொல்லும், இருப்பதை எண்ணினால் கை பொய் சொல்லாது என்பது லைனில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். எழுநூறு பேரில் எனக்கு மட்டும் தெரியாது. நான்தான் ஏசியில் இருக்கிறேனே.

எண்ணினேன். கம்ப்யூட்டரே ஓரத்தில் காட்டியது. முந்நூற்றுப் பதினாறு.

“தப்பா காட்டுது,” என்றேன்.

“எப்படி தப்பா காட்டும்? ஒண்ணு காணோம். ஆனா நாலு ஜாஸ்தி இருக்குது.”

“அதான் சொல்றேன், தப்பு.”

“அண்ணே, கொஞ்சம் கம்முனு இருங்க.” விரல்களை மடக்கினாள். “என்னுது போச்சுன்னா முந்நூத்திப் பதினொண்ணு. இருக்கிறது பதினாறு. அப்போ நம்மளுது இல்லாத அஞ்சு பேரு கூட்டத்துக்குள்ள நிக்கிறாங்க. நவுருங்க.”

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் பையரின் எழுத்து, பக்கத்தில் நம்பர். எழுத்து, நம்பர். பாதி வழியில் அவளுடைய விரல் நின்றது.

“லைனிங்.”

வெறும் ‘லைனிங்’. நம்பர் இல்லை. ஷூவின் உள்துணி. கொஞ்சம் கீழே ‘போட்டோ’. அதற்கும் கீழே ‘சைஸ்’. பிறகு ‘சோல்’. கடைசிக்குப் பக்கத்தில் ‘அப்பர்’, அதாவது ஷூவின் மேல்பாகம்.

“அல்லாவே!” என்று எழுந்து நின்றுவிட்டாள். “இது என் ஃபோல்டருக்கு உள்ள இருந்ததுண்ணே! அஞ்சும் என்னுது!”

‘அப்பர்’ என்பதைத் திறந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், ஆறு மணி சொச்சம். அந்தப் பட்டை, கணுக்கால் எலும்புக்குக் கீழே வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் விருந்தாளி

அப்படியானால் 786 எங்கே போனது?

மதியம் எனக்கு விளங்கியது. விளங்கியபோது சிரிப்பு வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

கட்டளையில் ‘எல்லாவற்றையும் மாடல்ஸுக்கு நகர்த்து’ என்று எழுதினேனே தவிர, மாடல்ஸ் என்று ஒரு ஃபோல்டரை முதலில் உருவாக்கி வைக்க மறந்துவிட்டேன். வீடியோப் பையன் அதை முன்னாடியே உருவாக்கி வைத்திருந்தான். அந்த இடத்தில் நான் வீடியோவை ஓட்டிவிட்டேன், விளம்பரம் என்று நினைத்து.

கல்யாணத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை அழைத்துவிட்டு மண்டபம் பிடிக்காமல் இருந்தால் என்ன ஆகும்? மனிதர்கள் என்றால் திட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். கம்ப்யூட்டர் திட்டாது. முதலில் வந்த விருந்தாளியைப் பிடித்து, ‘மண்டபம் இல்லையா? பரவாயில்லை, இனிமேல் நீதான் மண்டபம்’ என்று பெயர்ப் பலகையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டது. பின்னால் வந்த முந்நூற்றுப் பதினொரு பேரும் அவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வரிசையில் முதல் ஆள் எப்போதும் எங்கள் 786. அதனால் 786 எங்கேயும் போகவில்லை. அதுதான் மாடல்ஸ் ஆகிவிட்டது. காலை முழுவதும் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டுதான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே உள்ளே புதிதாக ஒரு 786 உருவாக்கி, அந்த ஐந்தையும் அதற்குள் எடுத்து வைத்தேன்.

குணசேகரன் சாரிடம் போய் இதைச் சொன்னேன். அவர், “யோவ் சிஸ்டம், வேற எது மொதல்ல நின்னுருந்தாலும் பழைய மாடல்னு ஒருத்தனும் தேடிக்க மாட்டான். எவ்ளோ நாள் கழிச்சித் தெரிஞ்சிருக்குமோ. 786 நின்னதாலதான் இன்னிக்கே மாட்டிக்கினே,” என்றார். நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, மேலே பார்த்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று கேட்கவில்லை. அவருடைய நோட்டில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

செவ்வாய், பதினோரு மணி

தோல் பன்னிரண்டுக்கு வந்தது. பன்னிரண்டரைக்கு மெஷின் வெட்டியது. அவளுடைய பழைய லைனில் இருந்த பெண்கள் வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடைய ஜோடியைத் தைத்தார்கள். “உன் பட்டை ரொம்ப வளையுதுடி, ஊசி போவ மாட்டேங்குது,” என்று ஒருத்தி திட்டினாள். “கை வளைஞ்சா ஊசி வளையும்,” என்றாள் நஸ்ரீன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். அப்பா சொன்ன வேலையை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பாலிஷ் முடிந்தது. பதினோரு மணிக்கு பையர் வந்தார். உயரமான பெண்மணி, நரைத்த கிராப்பு, அதிகம் பேசாதவர். வரவேற்பு மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு ஷூவைக் கையில் எடுத்தார். திருப்பினார். உள்ளே விரலை விட்டுக் குதிகால் பக்கம் தடவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நஸ்ரீன் கதவோரம் நின்றாள். கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது கையோடு வந்துவிட்டது.

சாம்பிள் சைஸும் அந்த அம்மாவின் சைஸும் ஒன்று. தன் ஷூவைக் கழற்றி மேஜைக்கு அடியில் விட்டுவிட்டு, இதை மாட்டிக்கொண்டு எழுந்தார். அறைக்குள் நடந்தார். கதவைத் திறந்து வராந்தாவில் நடந்தார். படியில் இறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். தையல் லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடி நடந்தார். நூற்றைம்பது மெஷின்களில் இருந்த பெண்களும் தைத்துக்கொண்டே அவருடைய கணுக்காலைப் பார்த்தார்கள். கேன்டீன் வரைக்கும் போய் டீ வாங்கி, நின்றபடியே குடித்தார்.

டம்ளரை வைத்துவிட்டு, “யார் வரைந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். குணசேகரன் சார் நஸ்ரீனைக் காட்டினார். அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நஸ்ரீனின் உள்ளங்கையில் பிய்ந்த பொத்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். குணசேகரன் சாரிடம் ஒரே வார்த்தை சொன்னார், “தொடங்குங்கள்.” அப்படியே போய்க் காரில் ஏறிவிட்டார்.

கார் கேட்டைத் தாண்டியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் எங்கள் ஷூவைக் கழற்றவே இல்லை.

“யோவ், சாம்பிள் போவுதுய்யா! ஒரே ஜோடி!” என்று குணசேகரன் சார் அலறினார். ஓடிப்போய் மேஜைக்கு அடியிலிருந்த அந்த அம்மாவின் ஷூவை எடுத்துக்கொண்டு, கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பிடித்தபடி நேஷனல் ஹைவேஸ் பக்கம் ஓடினார். வாட்ச்மேன் அவருக்குப் பின்னால் ஓடினார். தையல் லைன் முழுக்க ஜன்னலில் நின்று கை தட்டியது.

“வுடுங்க சார், போட்டுக்கினு போவட்டும்!” என்று நஸ்ரீன் சிரித்துக்கொண்டே கத்தினாள். “ஃபோல்டர் இருக்குதில்ல, எத்தினி ஜோடி வேணும்னாலும் வெட்டிக்கலாம்!”

சொல்லி முடித்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“இருக்குதில்லண்ணே?”

படிகளை இரண்டிரண்டாகத் தாவி மாடிக்கு ஓடினேன். மூச்சு வாங்க கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தேன். 786 முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தது. திறந்து பார்த்தேன், ஐந்தும் உள்ளே இருந்தன. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை எண்ணினேன். அப்புறம் ஜன்னலைத் திறந்து, கீழே அண்ணாந்து நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்:

“இருக்குதும்மா!”